ஆர்டர் வருது, காசு நிக்க மாட்டேங்குது – எம்இபி கான்ட்ராக்ட்ல அடுத்த ரெண்டு வருஷம் எப்படி இருக்கும்?

டக்ட்_தம்பி (அம்பத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போன பசங்க இன்னும் பாதி பேர் திரும்பல, சைட் மந்தமா ஓடுது, அந்த கேப்ல உக்காந்து டைப் பண்றேன். நீளமா போனா கோவிச்சுக்காதீங்க.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல சின்னதா ஒரு எம்இபி (கட்டடத்துக்கு ஏசி, கரன்ட், பிளம்பிங் வேலை) கான்ட்ராக்ட் கம்பெனி எங்களது. அப்பா வெறும் எலக்ட்ரிக்கல் லைசென்ஸ வச்சு ஆரம்பிச்சாரு, நான் 2013-ல உள்ள வந்தப்புறம் டக்ட் (ஏசி காத்து போற தகரக் குழாய்), சில்டு வாட்டர் பைப்பிங் (ஏசிக்குக் குளிர்ந்த தண்ணி போற பைப்), ஃபயர் லைன்னு ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டோம். போன வருஷம் டர்னோவர் 14 கோடி. மாசச் சம்பளத்துல 38 பேர், சைட்ல கேங் ஆளுங்க 100-லேருந்து 120 வரைக்கும் ஏறி இறங்கும். ஆஸ்பத்திரி, ஐடி ஆபீஸ் ஃபிட் அவுட் (உள் வேலை), ஒரகடம் பக்கம் ஃபேக்டரியோட ஆபீஸ் பிளாக், இதுதான் நம்ம பொழப்பு.

இப்ப விஷயம் என்னன்னா என்கொயரிக்கு பஞ்சமே இல்ல. எஸ்டிமேஷன் பையன் ராத்திரி 9 மணி வரைக்கும் பிஓக்யூ (வேலை அளவுப் பட்டியல்) ரேட் போட்டுட்டு இருக்கான். ஆனா பேங்க் அக்கவுண்ட்ட பாத்தா 2019-ல 6 கோடி டர்னோவர் பண்ணப்ப இருந்த நிம்மதி இப்ப இல்ல. வீட்ல கேக்குறாங்க, இத்தனை கோடிக்கு பில் போடுறீங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட மட்டும் ஏன் கடைசி தேதி வரைக்கும் இழுக்குறீங்கன்னு. என்ன பதில் சொல்றது.

கையில ரெண்டு வேலை வந்து நிக்குது. ஒண்ணு சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர், பெரிய மெயின் கான்ட்ராக்டர் கீழ சப் கான்ட்ராக்ட், கேபிள் ட்ரே, கேபிள் லேயிங், சில்டு வாட்டர் பைப்பிங், மொத்தம் 6.5 கோடி, 8 மாசம், என் கணக்குல 8% லாபம் நிக்கும். இன்னொண்ணு நகருக்குள்ள ஒரு பழைய ஆஸ்பத்திரில சில்லர் பிளான்ட் (ஏசிக்குத் தண்ணிய குளிராக்குற மெஷின்) மாத்துற வேலை, 1.4 கோடி, கூடவே மூணு வருஷம் ஏஎம்சி (பராமரிப்பு கான்ட்ராக்ட்). ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்க முடியாது, ஏன்னா உருப்படியான பைப்பிங் கேங் எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.

டேட்டா சென்டர் பேரு ப்ரொஃபைல்ல ஏறினா அடுத்த கட்டத்துக்குப் போயிடலாம்னு மனசு சொல்லுது. அப்பா "பெரிய மரத்து நிழல்ல சின்ன செடி வளராதுடா"ங்குறாரு. இந்தத் தொழில்ல இருக்குறவங்க சொல்லுங்க, அடுத்த ரெண்டு மூணு வருஷம் மார்க்கெட் எப்படிப் போகும், எது பக்கம் போறது?


பழைய_போர்மேன்

தம்பி, நான் 1986-ல டக்ட் ஷாப்ல ஷீட் மடிக்கிற பையனா சேந்தவன், அப்புறம் சொந்தமா 20 வருஷம் பண்ணிட்டு இப்ப பையன்கிட்ட குடுத்துட்டு உக்காந்திருக்கேன். மார்க்கெட் எப்படிப் போகும்னு கேட்டிருக்க. மார்க்கெட் நல்லாதான் போகும். அதுக்கும் உனக்குக் காசு நிக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் பாத்த வரைக்கும் வேலை இல்லாம மூடின கான்ட்ராக்டர விட வேலை ஜாஸ்தியாகி மூடினவன்தான் அதிகம்.

உன் 6.5 கோடிய ஒரு பேப்பர்ல போட்டுப் பாப்போமா. மாசம் சராசரியா 80 லட்சத்துக்கு பில். வேலை இந்த மாசம் பூரா செய்வ, அடுத்த மாசம் 5-ம் தேதி ஆர்ஏ பில் (அது வரைக்கும் செஞ்ச வேலைக்கான பில்) வைப்ப, மெஷர்மென்ட் ஷீட்ல அவன் இஞ்சினியர் சிவப்பு பேனால கோடு போட்டு 25-ம் தேதி சர்டிஃபை பண்ணுவான், அங்கேருந்து 60 நாள். அப்போ எப்பவும் மூணு மாச வேலை உன் காசுல நிக்கும், 2.4 கோடி. அதுல 10% அட்வான்ஸ் 65 லட்சம், சப்ளையர் கடன் ஒரு 40 லட்சம், உன் லாபம் கொஞ்சம், எல்லாம் கழிச்சாலும் 1.2 கோடி உன் பாக்கெட்லேருந்தோ ஓடிலேருந்தோ (பேங்க் ஓவர்டிராஃப்ட்) போகணும். 12% வட்டின்னு வை, 11 மாசத்துக்கு 13 லட்சம். ரிட்டென்ஷன் (பில்லுல அவன் பிடிச்சு வைக்குறது) 5%, அதாவது 32 லட்சத்துச் சொச்சம், டிஃபெக்ட் பீரியட் முடிஞ்சு கைக்கு வர ரெண்டு வருஷம், அதுக்கு வட்டி 8 லட்சம். அட்வான்ஸுக்கு ஒரு பேங்க் கேரன்டி, பெர்ஃபார்மன்ஸுக்கு 5%-க்கு இன்னொண்ணு, சேத்து 97 லட்சம், கமிஷன் ஒரு 2 லட்சம், மார்ஜினா 24 லட்சம் எஃப்டில முடங்கும். உன் 8% எவ்வளவு? 52 லட்சம். இதெல்லாம் போக 29. ஒரு நாலு வாரம் லேட்டுன்னு வாரத்துக்கு அரை பெர்சென்ட் எல்டி (லேட் அபராதம்) போட்டான்னா இன்னொரு 13 போச்சு. மிச்சம் 16 லட்சம். எட்டு மாசம் கத்தி கத்தித் தொண்டை கட்டினதுக்கு 16 லட்சம். இதுல ஆபீஸ் வாடகை, எஸ்டிமேஷன் பையன் சம்பளம் எல்லாம் நீ சேத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது.

உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு சொல்றது விவசாயத்துக்கு மட்டும் இல்ல.

அப்புறம் முக்கியமா கேக்க வேண்டியது, அக்ரிமென்ட்ல "க்ளையன்ட் பணம் குடுத்தாத்தான் நான் குடுப்பேன்"னு பேக் டு பேக் வரி இருக்கா? காப்பர் ஏறினா ரேட் ஏத்திக் குடுப்பாங்களா, இல்ல ஃபிக்ஸட் ரேட்டா?


ஹோசூர்_பேனல்

அண்ணே இப்படிக் கணக்குப் போட்டா ஒருத்தனும் தொழில் பண்ண முடியாது 😀

டக்ட்_தம்பி ப்ரோ, நான் எல்டி பேனல் (கட்டடத்துக்கு கரன்ட் பிரிச்சுக் குடுக்குற ஸ்விட்ச் பெட்டி) ஃபேப்ரிகேஷன், அதனால மார்க்கெட்ட வேற பக்கத்துலேருந்து பாக்குறேன். யாரு என்ன கட்டுறாங்கன்னு பேனல் ட்ராயிங்ல முதல்லயே எங்களுக்குத் தெரிஞ்சிடும். பனப்பாக்கத்துல டாடா மோட்டார்ஸ் – ஜேஎல்ஆர் (ஜாகுவார் லேண்ட் ரோவர்) கார் பிளான்ட், 9,000 கோடி, 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினது. தூத்துக்குடில வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்ல திறந்தாச்சு. ஹோசூர்ல டாடா எலக்ட்ரானிக்ஸ், ஸ்ரீபெரும்புதூர்ல ஃபாக்ஸ்கான். மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, அதுல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் வென்டிலேஷன், ஃபயர், எலக்ட்ரிக்கல்னு தனித்தனியா எம்இபி. இந்த ஃபேக்டரிங்களுக்குப் பின்னாடி வர்ற வெண்டர் (பார்ட்ஸ் சப்ளை பண்றவன்) ஷெட்டு, ஹாஸ்டல், கேன்டீன்னு எண்ணினா அது ஒரு தனிக் கூட்டம். உங்க சைஸ் கம்பெனிக்கு உண்மையான சோறு அந்த வெண்டர் ஷெட்டுல இருக்கு, மெயின் பிளான்ட்ல இல்ல. கொரியாக்காரன், ஜப்பான்காரன் சின்ன வெண்டர் யூனிட் போடுறான், ரெண்டு மூணு கோடி வேலை, ஓனர் நேரா கையெழுத்து போடுறான், நடுவுல மெயின் கான்ட்ராக்டர்னு ஒரு பயலும் கிடையாது.

ஒரே தலைவலி லேபர். ஐடிஐ முடிச்ச பையன் ஃபேக்டரில ஏசில நிக்க 18,000 கிடைக்கும்போது நம்ம சைட்ல வெயில்ல சாரம் ஏற எதுக்கு வருவான். பீகார், ஒடிசா, வங்காளப் பசங்களதான் நம்பி இருக்கோம். 2025 அக்டோபர் கடைசில சத் பூஜை, நவம்பர்ல பீகார் எலெக்ஷன், ரெண்டும் அடுத்தடுத்து வந்து எங்க ஷாப்ல பத்து நாள் வெல்டர் ஒருத்தன் இல்ல. 2026-ல வங்காளத்துலயும் எலெக்ஷன், நம்மூர்லயும் எலெக்ஷன், மார்ச்ல ஹோலி. அரசாங்க டெண்டர் நம்பி இருக்குறவங்க எலெக்ஷன் முடியுற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.


எல்5_டெஸ்டர்

டேட்டா சென்டர் கமிஷனிங்ல (எல்லாத்தையும் ஓட்டி டெஸ்ட் பண்ற வேலை) இருக்கேன், க்ளையன்ட் தரப்புக் கன்சல்டன்ட்டா. அதனால உங்க எதிரிக் கட்சின்னு வச்சுக்கோங்க, ஆனா உண்மைய சொல்றேன்.

வேலை இருக்கு, பொய்யில்ல. கடலடி இன்டர்நெட் கேபிள் கரை ஏறுற ஊருங்குறதால சென்னைக்கு ஒரு இயற்கையான வசதி, அம்பத்தூர், சிறுசேரின்னு வரிசையா வந்துச்சு. இப்ப போட்டியா விசாகப்பட்டினம் கிளம்பிடுச்சு, 2025 அக்டோபர்ல கூகுள் அங்க 1,500 கோடி டாலர் போடப்போறதா அறிவிச்சது. அங்க வேலை சூடு பிடிச்சா நம்ம ஊர் நல்ல வெல்டரும் கேபிள் ஜாயின்டரும் ட்ரெய்ன் ஏறிடுவாங்க, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஆபீஸ் ஃபிட் அவுட் பண்ணிட்டு நேரா டேட்டா சென்டர் வர்றவங்க மாட்டுறது ஒரே இடத்துல. ஆபீஸ்ல வேலை முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது. ஏசி காத்து வருது, லைட் எரியுது, ஹேண்ட் ஓவர். டேட்டா சென்டர்ல அஞ்சு லெவல் இருக்கு. ஃபேக்டரில டெஸ்ட், சைட்ல இறக்கினப்புறம் இன்ஸ்டலேஷன் செக், ஸ்டார்ட் அப், ஒவ்வொரு சிஸ்டமும் தனியா ஃபங்க்ஷனல் டெஸ்ட், கடைசியா எல்லாம் ஒண்ணா. அந்த அஞ்சாவதுல சர்வர் இருக்க வேண்டிய இடத்துல லோட் பேங்க் (பெரிய ஹீட்டர் பெட்டி) வச்சு ஹீட் ஏத்திட்டு, ஈபி சப்ளைய வேணும்னே கட் பண்ணுவோம். யூபிஎஸ் தாங்கணும், டிஜி (டீசல் ஜெனரேட்டர்) பிடிக்கணும், சில்லர் திரும்ப ஓடணும், ஹால் டெம்பரேச்சர் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு இடத்துல சறுக்கினா திரும்ப முதல்லேருந்து.

நான் இருந்த ஒரு சைட்ல (எங்கன்னு கேக்காதீங்க) ரெண்டு கன்ட்ரோல் கேபிள் ஃபெருல் நம்பர் மாறிக் கெடந்துச்சு, அவ்வளவுதான், பத்து ரூபா பெறாத பிளாஸ்டிக் வளையம். அதக் கண்டுபிடிக்க 11 நாள். அந்த 11 நாளும் டெஸ்ட் நடத்துற அத்தனை பேரும் சும்மா உக்காந்திருந்தாங்க, டீசல், லோட் பேங்க் வாடகை எல்லாம் யாரு தலையில விழுந்துச்சுன்னு நீங்களே யோசிங்க. சப் கான்ட்ராக்டர் ஃபைனல் பில் பேச்சே ஆறு மாசம் எழல.

அதனால கேக்குறேன், உங்ககிட்ட க்யூஏ க்யூசி-க்குன்னு (தரம் பாக்க) தனி ஆள் இருக்கானா? ஒவ்வொரு ட்ரேக்கும், ஒவ்வொரு டெர்மினேஷனுக்கும் (கேபிள் முனைய மாட்டுற இடம்) டார்க் மார்க் (போல்ட்ட சரியா முறுக்கினதுக்கு அடையாளம்), ஃபோட்டோ, செக்லிஸ்ட், கையெழுத்து. பைப்பிங்ல வெல்ட் மேப், ஃப்ளஷிங் ரிப்போர்ட். இப்ப ஏஐ சர்வர் வர்றதால லிக்விட் கூலிங் வேற கேக்குறாங்க, ஸ்டெயின்லெஸ் பைப், டிக் வெல்டிங், தண்ணி க்வாலிட்டிக்குத் தனி டெஸ்ட். அந்த வேலை தெரிஞ்ச கேங் வச்சிருக்குறவன் ரேட்ட அவன் சொல்றான், நாங்க தலையாட்டுறோம். அதாவது, டேட்டா சென்டர்ல காசு இருக்கு, ஆனா கேபிள் ட்ரே மாட்டுறவனுக்கு இல்ல.


லெட்ஜர்_அக்கா

நான் ஆடிட் ஆபீஸ், எங்க க்ளையன்ட்ஸ்ல அஞ்சாறு பேர் இதே தொழில். தம்பிக்கு சில விஷயம், டெக்னிக்கல் நான் பேசல.

முதல்ல உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறு தொழில் பதிவு) இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த நம்பர் ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் அச்சாகணும். 2025 ஏப்ரல்லேருந்து வரம்பு மாறிடுச்சு, டர்னோவர் 10 கோடி வரைக்கும் மைக்ரோ, 100 கோடி வரைக்கும் ஸ்மால், அதனால நீங்க ஸ்மால். ஸ்மாலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலன்னா அந்தச் செலவ வாங்கினவங்க அந்த வருஷ வருமான வரில கழிக்க முடியாது, பணம் குடுக்குற வருஷத்துலதான் கழிக்கலாம். 43பி(எச்)-னு எல்லாரும் சொல்றது இதுதான். 2026 ஏப்ரல்லேருந்து புது வருமான வரிச் சட்டம், அதுல செக்ஷன் நம்பர் வேற, விஷயம் இதுவேதான். 45 நாள் தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டின்னும் 2006 எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில்) சட்டத்துல இருக்கு. ஆனா ஒண்ணு, வொர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு அந்த 2006 சட்டம் பொருந்துமாங்குறதுல கோர்ட்டுகள்ல ஒரே மாதிரி தீர்ப்பு இல்ல. அதனால "கேஸ் போட்டு வட்டி வாங்கிடலாம்"னு கனவு காணாதீங்க. ஆனா மார்ச் 15 வாக்குல மெயின் கான்ட்ராக்டர் அக்கவுன்ட்ஸ்ல போய் "சார் 43பி"ன்னு சொன்னா பழைய பில்லு ஒண்ணு ரெண்டு அசையும், அத நான் கண்ணால பாத்திருக்கேன்.

ரெண்டாவது, 250 கோடிக்கு மேல டர்னோவர் இருக்குற கம்பெனி எல்லாம் ட்ரெட்ஸ் தளத்துல ரெஜிஸ்டர் பண்ணணும்னு ஆக்கிட்டாங்க. உங்க மெயின் கான்ட்ராக்டர் நிச்சயம் அதுக்குள்ள வருவாரு. பில்ல அவங்க அதுல ஏத்தி அக்செப்ட் பண்ணினா பேங்க் ஏலம் எடுத்து உங்களுக்குப் பணம் குடுத்துடும், வட்டி அவங்க ரேட்டிங்க வச்சு வரும், உங்க ஓடி வட்டிய விடக் குறைவாத்தான் இருக்கும். ரெஜிஸ்டர் பண்றது கட்டாயம், உங்க பில்ல அதுல ஏத்துறது கட்டாயம் இல்ல, அதனால கையெழுத்துக்கு முன்னாடி அக்ரிமென்ட்ல எழுதி வாங்கணும், அப்புறம் கேட்டா சிரிப்பாங்க.

மூணாவது ஜிஎஸ்டி. இதுல நிறைய பேர் தானே கைய சுட்டுக்குறாங்க. ஆர்ஏ பில் வைக்கும்போதே டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டுடுறது. 80 லட்சத்துக்கு 14.4 லட்சம் ஜிஎஸ்டி, பணம் வர முன்னாடியே அடுத்த 20-ம் தேதி கட்டியாகணும், இன்புட் (வாங்கினதுக்கு ஏற்கெனவே கட்டின ஜிஎஸ்டி) கழிச்சாலும் லேபர் பகுதிக்கு இன்புட் சொற்பம். முதல்ல க்ளெய்ம் ஸ்டேட்மென்ட்டா குடுங்க, சர்டிஃபிகேஷன்தான் பில்லிங் மைல்ஸ்டோன்னு கான்ட்ராக்ட்ல எழுதுங்க, சர்டிஃபை ஆனப்புறம் டேக்ஸ் இன்வாய்ஸ். சப்ளையருக்கு 180 நாளுக்குள்ள நீங்க பணம் குடுக்கலன்னா எடுத்த இன்புட்ட வட்டியோட திருப்பணும், அதையும் மறந்துடாதீங்க.

லேபர் கோடு (புது தொழிலாளர் சட்டம்) நாலும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தாச்சு. சம்பளத்துல பாதியாவது 'வேஜஸ்'னு வரணும், அலவன்ஸா பிரிச்சுப் போட்டு பிஎஃப் குறைக்குற பழைய வித்தை ஓடாது. ரேட் போடும்போது லேபர் காஸ்ட்ட பழைய எக்செல்லேருந்து காப்பி அடிக்காதீங்க.


டக்ட்_தம்பி

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அக்ரிமென்ட் ட்ராஃப்ட்ட எடுத்துப் படிச்சேன், 64 பக்கம், இத்தனை நாள் பிஓக்யூ மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கு. போர்மேன் அண்ணன் கேட்ட ரெண்டும் இருக்கு. க்ளையன்ட் குடுத்தாத்தான் குடுப்போம்னு ஒரு வரி, ரேட் கடைசி வரைக்கும் ஃபிக்ஸட்னு ஒரு வரி.

காப்பர்ல எவ்வளவு அடி விழும்னு பாக்க ஒரு கணக்கு போட்டேன், தப்பா இருந்தா சொல்லுங்க. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், 90 மீட்டர் காயில், அதுல காப்பர் ரெண்டு கிலோ. கிலோவுக்கு 100 ரூபா ஏறினா காயிலுக்கு 200 ரூபா ஏறணும். லண்டன் மெட்டல் மார்க்கெட்ல 2024 மே மாசம் டன்னு 11,000 டாலரத் தொட்டுச்சு, அப்புறம் இறங்குச்சு, 2025 செப்டம்பர்ல இந்தோனேஷியா கிராஸ்பெர்க் சுரங்கத்துல சேறு சரிஞ்சதுக்கப்புறம் ஏற ஆரம்பிச்சு டிசம்பர்ல 12,000 தாண்டிடுச்சு. நான் ரேட் குடுத்தது ஆகஸ்ட்ல. பவர் கேபிள் பெரும்பாலும் அலுமினியம்தான், ஆனா கன்ட்ரோல் கேபிளும் எர்த்திங்கும் காப்பர், அதுலயே என் 8%-ல ஒண்ணரை பெர்சென்ட் இப்பவே காணோம், இன்னும் ஒரு கேபிள் கூட வாங்கல.

க்யூசி-க்கு தனி ஆள் இல்ல. சைட் இஞ்சினியரே பாத்துக்குறாரு, அதாவது யாரும் பாக்குறதில்ல.

ஆஸ்பத்திரி வேலைய பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலையே?


கோவை_கூலிங்

நான் சொல்றனுங்க. இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன், புது பில்டிங் வேலைய விட்டு பதினோரு வருசமா ரெட்ரோஃபிட்டும் (பழைய மெஷின மாத்தற வேலை) ஏஎம்சியும்தான்.

முதல்ல நல்லதைச் சொல்லீர்றேன். கரன்ட் ரேட் 2022 செப்டம்பர்ல இருந்து வருசா வருசம் ஏறீட்டே இருக்குது, அதான் நம்ம சேல்ஸ்மேன். பழைய வாட்டர் கூல்டு சில்லர் ஒரு டன்னுக்கு 0.85 கிலோவாட் குடிக்குதுன்னு வைங்க, புதுசு 0.6-ல ஓடும். சராசரி லோடு 200 டன், வருசத்துக்கு 6,000 மணி நேரம்னா மூணு லட்சம் யூனிட் மிச்சம். ஒம்பது ரூபா மேனிக்கு 27 லட்சம். 1.4 கோடி போட்ட காசு அஞ்சேகால் வருசத்துல திரும்பீரும்னு ஆஸ்பத்திரி ஓனருக்கு ஒரே பேப்பர்ல காட்டலாமுங்க. அதுவுமில்லாம பழசு ஆர்-22 (பழைய ஏசி கேஸ்) மெஷினா இருந்தா அவங்களுக்கு வேற வழியே இல்ல, 2030-க்குள்ள அந்த கேஸ் புதுசா வர்றது ஏறக்குறைய நின்னுரும், இப்பவே சிலிண்டர் விலை கேட்டா மயக்கம் வருது. கான்ட்ராக்ட் போடறவரு ஓனரே, பேக் டு பேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப கெட்டதுங்க. ஏஎம்சிய தங்கச் சுரங்கம்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. காம்ப்ரிஹென்சிவ்னு (பார்ட்ஸும் நம்ம செலவு) கையெழுத்து போட்டுட்டு ரெண்டாவது வருசம் கம்ப்ரசர் போச்சுன்னா மூணு வருச ஏஎம்சி காசும் ஒரே நாள்ல காலி. அப்புறம் ஆஸ்பத்திரிங்கறது ஏசி கடை மாதிரி இல்ல, ஆபரேஷன் தியேட்டர் நிக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வரும். பழைய மெஷின இறக்கி புதுசை ஏத்தறதுக்குள்ள ஓடறதுக்கு வாடகை சில்லர் வைக்கோணும், அந்த வாடகை, கிரேன், தெருவுல கிரேன் நிறுத்த பர்மிஷன், இதெல்லாம் உங்க 1.4 கோடில இருக்குதான்னு பாருங்க. முதல் வேலைல நான் இதைப் போடாம விட்டு கைக்காசு எட்டு லட்சம் போட்டனுங்க.

தண்ணிய கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்க. சென்னைல போர் தண்ணி, லாரி தண்ணி எதெதோ கலந்து கூலிங் டவர்ல ஊத்துவாங்க. ஒரு எடத்துல கன்டென்சர் எண்ட் கவர கழட்டுனோம், டியூப் உள்ள சுண்ணாம்பு அடிச்ச கணக்கா வெள்ளை வெளேர்னு, விரல் விட்டா பாதி விரல்தான் போகுது. அப்ரோச் (கேஸுக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் சூட்டு வித்தியாசம்) ஒண்ணு ரெண்டு டிகிரி இருக்க வேண்டியது ஆறுல நிக்குது. மெஷின் சரியில்ல, மாத்தோணும்னு எல்லாரும் சொல்லீட்டு இருந்தாங்க. கெமிக்கல் சுத்தி விட்டு, நைலான் பிரஷ் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சு எடுத்தோம், நாப்பதாயிரம் ரூபா வேலை, மெஷின் இன்னும் நாலு வருசம் ஓடுச்சு. அந்த ஓனர் இன்னைக்கு வரைக்கும் வேற ஆள்கிட்ட கொட்டேசன் வாங்கறதில்லீங்க.

அதனால லேபர் மட்டும் உள்ள ஏஎம்சியா போடுங்க, இல்லீன்னா புது மெஷினுக்கு கம்பெனிகிட்ட இருந்து அஞ்சு வருச கம்ப்ரசர் வாரன்டி எழுத்துல வாங்கீட்டு அப்புறமேட்டுக்கு காம்ப்ரிஹென்சிவ் பேசுங்க. தண்ணி ட்ரீட்மென்ட் நம்ம கைல இருந்தா மட்டும்.


ஹோசூர்_பேனல்

கோவை அண்ணன் சொல்றது சரிதான், ஆனா 1.4 கோடில 38 பேர் சம்பளம் எத்தனை மாசம் ஓடும்? வருஷம் 14 கோடி பண்ற ஆளு சில்லர் டியூப் தேய்ச்சு உக்கார முடியுமா. டேட்டா சென்டர்ல முழுசா இறங்க வேணாம்னா ஒரு பகுதிய மட்டும் எடுங்க. மெட்டீரியல் அவன் வாங்கட்டும், நீங்க லேபர் ரேட் மட்டும். காப்பர் ஏறினா அவன் தலைவலி.


எல்5_டெஸ்டர்

இதுதான் நல்ல யோசனை. கேபிளும் ட்ரேயும் ஃப்ரீ இஷ்யூ (அவங்களே வாங்கிக் குடுக்குறது), நீங்க லேயிங், டெர்மினேஷன் மட்டும். டர்னோவர் ரெண்டு கோடியா குறையும், முடங்குற காசு அதுக்கு மேல குறையும். ஃப்ரீ இஷ்யூல வேஸ்டேஜ் எத்தனை பெர்சென்ட்னு எழுதி வாங்குங்க, கேபிள் ட்ரம் இறங்கும்போதே நீளத்த ரெண்டு பேரும் அளந்து கையெழுத்து போடணும், இல்லன்னா கடைசில "300 மீட்டர் குறையுது, டெபிட் நோட்"னு வரும். இதுல வாதாடி ஜெயிச்சவன நான் பாத்ததில்ல.


பழைய_போர்மேன்

லேபர் ரேட்டுக்குப் போனா அட்வான்ஸ் கேக்காத, அதுக்குப் பதிலா 15 நாளுக்கு ஒரு பில் கேளு. ஆளுக்குக் கூலி சனிக்கிழமை சனிக்கிழமை குடுத்தாகணும், அத 60 நாள் தாங்க உன்னால முடியாது. அட்வான்ஸ் இல்லன்னா அதுக்கான கேரன்டியும் இல்ல, எஃப்டி தப்பிக்கும்.

அப்புறம் ஒண்ணு, உங்கப்பா சொன்ன அந்த மரம் செடி பேச்ச அவ்வளவு லேசா தள்ளாத. 2008-ல அமெரிக்காவுல பேங்க் கவுந்தப்ப ஓஎம்ஆர்-ல பாதி பில்டிங் எலும்புக்கூடா நின்னுச்சு. எனக்கு ஒரே க்ளையன்ட்கிட்ட 70 லட்சம் மாட்டிக்கிச்சு, வீட்ட அடமானம் வச்சேன். அந்த வருஷம் என்னைக் காப்பாத்தினது மாசம் நாப்பதாயிரம் ரூபா ஏஎம்சி குடுத்த ஒரு நர்சிங் ஹோம். சின்னக் காசு, ஆனா அஞ்சாம் தேதி வந்துடும்.


டக்ட்_தம்பி

பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு கேட்டு ரெண்டு மூணு பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க.

மெயின் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல மூணு தடவை உக்காந்தேன். பேக் டு பேக் வரிய எடுக்க முடியாதுன்னுட்டாங்க, அது அவங்க ஹெட் ஆபீஸ் ஃபார்மட்டாம். ஆனா கேபிள், ட்ரே ஃப்ரீ இஷ்யூக்கு ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்கும் மொத்தமா வாங்கினா ரேட் கம்மியாம். பைப்பிங்க நான் விட்டுட்டேன். இப்ப 1.9 கோடி, லேயிங் டெர்மினேஷன் மட்டும், 15 நாளுக்கு ஒரு பில், ட்ரெட்ஸ்ல ஏத்துறோம்னு மினிட்ஸ்ல எழுதி வாங்கியாச்சு. பேக் டு பேக் இருக்குறதால எனக்குக் கிடைக்க வேண்டியது 40 லட்சத்தத் தாண்டினா வேலைய மெதுவாக்கிடுறதுன்னு நானே ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், அக்ரிமென்ட்ல அப்படிச் செய்ய உரிமை இல்லதான், பாப்போம். டாக்குமென்ட்டுக்குன்னு தனியா ஒரு பொண்ணு சேத்திருக்கேன், ஈஈஈ முடிச்சவங்க, முன்னாடி பேனல் கம்பெனில க்யூசி. முதல் நாளே எங்க ஸ்டோர்ல ஃபெருல் டப்பாவ கொட்டி நம்பர் வாரியா அடுக்கிட்டாங்க.

ஆஸ்பத்திரி வேலைய எடுத்தாச்சு. கோவை அண்ணன் சொன்னதால வாடகை சில்லர், கிரேன் எல்லாம் திரும்பப் போட்டேன், 1.4 கோடி 1.56 ஆச்சு, ஓனர் டாக்டர் மூஞ்ச சுளிச்சாரு, அந்த 27 லட்சம் கணக்க அவங்க ஈபி பில்ல வச்சே போட்டுக் காட்டினேன் (அவங்களுக்கு 22 வந்துச்சு, ராத்திரி லோடு கம்மி), ஒரு வாரம் யோசிச்சுட்டு 1.51-க்கு கையெழுத்து போட்டாரு. ஏஎம்சி லேபர் மட்டும்.

நேத்து பழைய சில்லரோட எண்ட் கவர சும்மா திறந்து பாத்தோம். அண்ணன் சொன்ன அதே சுண்ணாம்பு. கோவை அண்ணே, மாத்துறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, வெயில் காலம் வருது, அது வரைக்கும் இத ஓட்டணும். டியூப் முக்கால் இஞ்ச், உள்ளுக்குள்ள வரி வரியா இருக்குற மாடல். நைலான் பிரஷ் போதுமா, வேற ஏதாவது பிரஷ் வேணுமா? கெமிக்கல் எவ்வளவு நேரம் சுத்த விடணும்?


கோவை_கூலிங்

நைலானே போதுமுங்க, ஸ்டீல் பிரஷ் மட்டும் தொடவே தொடாதீங்க, அந்த வரி தேஞ்சு போயிரும். முதல்ல கெமிக்கல், அப்புறம் பிரஷ், நீங்க திருப்பிப் பண்ணீராதீங்க. எத்தனை மணி நேரம்னு படிஞ்சிருக்கற சுண்ணாம்பைப் பாக்காம சொல்ல முடியாது, ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, டார்ச் அடிச்சு டியூப் உள்ள தெரியற மாதிரி.